பாட்டன் எழுதிய கணக்கு

நடுவர் அவர்களுக்கும், நேரமானாலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

அடிமைகளை வைத்திருந்த முன்னோரின் கதையைப் பழைய பதிவேடுகளில் தேடி எடுப்பது வாரிசுகளின் கடமையா, வீண் வேலையா? இதுதான் இன்றைய தலைப்பு. கடமையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். செத்தவர் செய்ததற்கு இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது சட்டப்படி நடந்த வியாபாரம், தவறென்று யாருக்கும் தோன்றவில்லை என்றார். எஜமான் எழுதிய கணக்கில் எஜமானின் பொய்தானே இருக்கும் என்றார்.

நடுவர் அவர்களே, பொத்தாம் பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன். ஜான் கிளாட்ஸ்டன். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1764இல் பிறந்து, லிவர்பூலில் பெரும் வணிகரானவர். பிரிட்டனின் பிரதமராக நான்கு முறை இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனைப் பெற்றவர். தென் அமெரிக்காவில் இருக்கும் இன்றைய கயானாவில், அன்று டெமராரா என்று அழைக்கப்பட்ட பகுதியில், அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

குடும்பத்தார் சொல்லும் பெருமைகளில் இவரைத் தேடினால் தேவாலயம் கட்டியவர் கிடைப்பார், நாடாளுமன்ற உறுப்பினர் கிடைப்பார். இழப்பீட்டுப் பதிவேட்டில் தேடுங்கள். 1833இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? சவுக்கடி பட்டவர்களுக்கா? இல்லை ஐயா, சவுக்கை வைத்திருந்தவர்களுக்கு! கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் அரசு அடைத்தது 2015இல். அதுவரை அங்கே வரி கட்டியவர்களில் அதே அடிமைகளின் கொள்ளுப்பேரர்களும் இருந்தார்கள். இதையா முடிந்துபோன கதை என்கிறீர்கள்?

பொய்க் கணக்கு என்றீர்களே, அதற்கு வருகிறேன். இழப்பீடு வேண்டுமென்றால் எஜமானோ அவருடைய முகவரோ மனுப் போட வேண்டும். எந்தத் தோட்டம், எத்தனை பேர், வயலில் எத்தனை பேர், வீட்டு வேலையில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். குற்றத்தை மறைக்க நினைப்பவர் எழுதிய தாள்களா இவை? பணம் வாங்க நினைப்பவர் போட்டி போட்டு எழுதியவை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏறத்தாழ 46,000 மனுக்களைத் தொகுத்து, 2013இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதில் ஜான் கிளாட்ஸ்டன் நிற்கிறார். சுமார் 2,500 மனிதர்களுக்காக அவர் பெற்றது 1,06,000 பவுனுக்கும் மேல். இந்த எண்ணை அவருடைய பகைவர்கள் எழுதவில்லை, ஐயா!

அடுத்தது, யாருக்கும் தவறென்று தோன்றவில்லை என்ற வாதம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் கொதித்தது. கிளாட்ஸ்டனின் தோட்டங்களில் ஒன்றுக்கு சக்ஸஸ் என்று பெயர். அங்கே குவாமினா என்ற தச்சர் அடிமையாக இருந்தார். அவருடைய மகன் ஜாக். அந்த இளைஞனுக்கு வழங்கிய பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். எஜமானின் குடும்பப் பெயரே அவனுக்கும் ஒட்டியிருந்தது. 1823 ஆகஸ்டில் அந்தத் தோட்டத்திலிருந்து கிளர்ச்சி தொடங்கியது. 10,000க்கும் மேற்பட்ட அடிமைகள் எழுந்தார்கள். விடுதலை வேண்டும் என்றார்கள். ராணுவம் வந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். குவாமினாவைத் தேடிப்பிடித்துச் சுட்டு, அவர் உடலை அதே சக்ஸஸ் தோட்டத்தின் முன்னால் தொங்கவிட்டார்கள். ஜாக்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு நாடு கடத்தினார்கள். அடிமைகளுக்கு வேதம் சொன்ன ஜான் ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். அவர் சிறையிலேயே இறந்தார்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்றீர்களே, குவாமினாவுக்குத் தெரியவில்லையா? அந்தப் பாதிரியாருக்குத் தெரியவில்லையா? லண்டனிலும் தெரிந்தது. 1833இல் நாடாளுமன்றத்தில் ஹோவிக் பிரபு என்ற உறுப்பினர் எழுந்து, கிளாட்ஸ்டனின் விரீட்-என்-ஹூப் தோட்டத்தில் அடிமைகள் செத்துக்கொண்டிருப்பதைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். தந்தைக்காக எழுந்து பதில் சொன்னவர் 23 வயது வில்லியம். பின்னாளில் பிரதமரான அதே வில்லியம். இதெல்லாம் அவைக்குறிப்பில் இருக்கிறது. முன்னோருக்குத் தெரிந்தே நடந்தது என்று நமக்குச் சொல்வதும் அந்தப் பதிவேடுதான்.

இப்போது என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். நேரம் போதாவிட்டால் மற்றதை விட்டுவிடுவேன், இதை விடமாட்டேன். எஜமானைத் தேடுவது எஜமானுக்காக இல்லை. அமெரிக்காவைப் பாருங்கள். 1850லும் 1860லும் அங்கே அடிமைகளுக்குத் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. எஜமானின் பெயரை முழுதாக எழுதினார்கள். அவருக்குக் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான், பெயர் கிடையாது. 35 வயதுப் பெண், கறுப்பு. 8 வயதுச் சிறுவன், கறுப்பு. விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு கணக்கெடுப்பில் ஏறியது 1870இல்தான். ஆகவே இன்று அங்கே ஒரு கறுப்பினப் பெண் தன் பாட்டியின் பாட்டியைத் தேடினால், 1870இல் சுவர் வந்து முட்டுகிறது. அதைத் தாண்டப் பெரும்பாலும் சாவி எஜமானின் பெயர்தான். அவருடைய உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம், கடன் அடமானம், மகளுக்குக் கொடுத்த சீர்வரிசைக் கணக்கு, இவற்றில்தான் அந்த மனிதர்கள் பெயரோடு வருகிறார்கள். அந்தத் தாள்களில் பல, பொதுக் காப்பகத்துக்கு வராமல் வாரிசுகளின் வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. வாரிசு பெட்டியைத் திறக்காவிட்டால் அந்தப் பெண் வெளியேதான் நிற்க வேண்டும்.

நம் மண்ணில் ஒரு வழக்கு எல்லோருக்கும் தெரியும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில், சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லிக் கிழவர் வடிவில் வந்தவர் நின்றார். அது இறைவன் ஆட்கொண்ட கதை, அதன் பக்திப் பொருளை நான் தொடவில்லை. சபை செய்ததை மட்டும் பாருங்கள். பாட்டன் எழுதிக் கொடுத்த மூல ஓலையை வாங்கியது. ஆவணக் காப்பில் இருந்த அவருடைய வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒத்துப் பார்த்தது. பேரன் அந்த ஓலைக்குக் கட்டுப்பட்டவன் என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டன் எழுதியது அடிமையின் பேரனைக் கட்டுப்படுத்தும் என்றால், எஜமானின் பேரனை மட்டும் விட்டுவிடுமா?

கயானாவின் கரும்பு நமக்குத் தூரமும் இல்லை. அடிமைகள் கைநழுவப் போகிறார்கள் என்றதும் இதே ஜான் கிளாட்ஸ்டன் 1836இல் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்கு எழுதி, இந்தியத் தொழிலாளர்களைக் கேட்டார். விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் ஏறத்தாழ 400 பேர் 1838 மே 5 அன்று அங்கே இறங்கினார்கள். விரீட்-என்-ஹூப்புக்கும் போனார்கள். பின்னர் மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின, நம் மக்களும் போனார்கள். அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதற்கான விடை ஒரு லிவர்பூல் வணிகரின் கடிதத்தில் இருக்கிறது. இந்தியாவுக்குள்ளும் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1843இல்தான். அதற்கு முன் எழுதிய ஆள் விற்ற ஓலை நம் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

2023 ஆகஸ்டில், கிளர்ச்சி நடந்து 200 ஆண்டுகள் ஆனபோது, கிளாட்ஸ்டனின் வாரிசுகள் கயானாவுக்கே போய், அங்கே பல்கலைக்கழக மேடையில் மன்னிப்புக் கேட்டார்கள். எதிர்ப்பு அட்டைகளுடன் நின்றவர்களும் இருந்தார்கள். நிற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மன்னிப்பா, நஷ்டஈடா, எவ்வளவு என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உரையாடலே தொடங்கியிருக்காது, பதிவேட்டை யாரும் திறக்காமல் இருந்திருந்தால்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. 1870 சுவரின் முன் நிற்கும் அந்தப் பெண்ணிடம், எஜமானின் பேரன் தன் வீட்டுப் பெட்டியைத் திறப்பது வீண் வேலை என்று நேருக்கு நேர் சொல்வீர்களா? பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.