ஆறுதலாக ஒரு மதியச் சாப்பாடு

வணக்கம் நேயர்களே.

கொழும்பில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் சோற்றுப் பார்சல்தான். பன்னிரண்டரைக்குப் பிரித்தால் ஒரு மணிக்கு முன்பே கை கழுவியாகிவிடும். காலி வீதிச் சைவக்கடைக்குப் போனாலும் கதை அவ்வளவாக மாறாது. உட்கார்ந்த கையோடு வடைத் தட்டு மேசைக்கு வரும், சாப்பிட்டதற்கு மட்டும் கணக்கு. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கதிரை எப்போது காலியாகும் என்று ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்தபடி ரசம் குடிப்பது எப்படி?

அதனால்தான் மாதத்தில் ஒரு நாளாவது, ஒழுங்கைக்குள் முற்றத்தில் நாலைந்து மேசை போட்டிருக்கும் சின்ன இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் தேடிப் போங்கள் என்கிறேன். உள்ளே ஏசி இருக்கும்; இருக்கட்டும். மர நிழலில் உட்காருங்கள். ஏசி அறையில் யாரும் விரட்டாவிட்டாலும் ஏனோ சீக்கிரம் எழும்பிவிடுகிறோம்.

வெளியே சாப்பிடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாண் கேட்டால் ஒரே தடவையில் நாலைந்து சொல்லிவிடாதீர்கள். தந்தூரி அடுப்பின் சுவரில் ஒட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் சாமான் அது. மேலே கொப்புளம் கருகி, நெய் மினுங்க வரும்போது பிய்த்தால் ஆவி பறக்கும். அதே நாண் கடற்காற்றில் பத்து நிமிடம் கிடந்தால் செருப்புத் தோல்தான். ஒன்று முடியும்போது அடுத்ததைச் சொல்லுங்கள். "தம்பி, அவசரமில்லை, ஒவ்வொன்றாகக் கொண்டு வாருங்கோ" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. அப்பளத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை சரிவராது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது சட்டென்று நமுத்துப் போகும், வந்தவுடனே நொறுக்கிவிட வேண்டும்.

தென்னிந்திய இலைச் சாப்பாடு என்றால் இன்னும் வசதி, ஏனென்றால் அது தானாகவே உங்களை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட வைக்கும். நம் வீடுகளில் சோற்றைச் சுற்றிப் பருப்பு, மரக்கறி எல்லாம் ஒன்றாக வந்துவிடும். கடைசியில் ஊற்ற சொதி மட்டும்தான் மிச்சம். அங்கே அப்படியில்லை. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. நடுவில் பாயாசம். ஒவ்வொரு தடவையும் வாளியோடு ஆள் வரும்வரை கையை மடக்கிக்கொண்டு கதைக்கலாம். வீட்டில் கதைக்காத விஷயமெல்லாம் ரசத்துக்கும் மோருக்கும் இடையில் வெளியே வரும். முதல் சோற்றை மட்டும் அள்ளிப் போடவிடாதீர்கள், பிறகு மோருக்கு இடமிருக்காது.

காகங்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கொழும்புக் காகத்துக்குச் சைவம், அசைவம் என்ற பேதமில்லை. கை கழுவ எழும்பினால் தட்டுக்குக் காவலாக ஒருவரை இருத்திவிட்டுப் போங்கள்.

எப்போது போகலாம்? ஏப்ரல் முதல் பாதி வேண்டாம். சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும், மர நிழலும் காப்பாற்றாது. ஒக்டோபர், நவம்பரில் காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். என்னைக் கேட்டால் ஜனவரிதான் நல்லது. பன்னிரண்டு மணிக்கே போய்விட்டால் நல்ல நிழல் மேசை கிடைக்கும். ஒன்றரைக்குப் பிறகு போனால் கூட்டம் குறைவு, கறிகளும் குறைவு. இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் பாடு.

பில்லில் பல இடங்களில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வாளியோடு நடந்த தம்பிக்குக் கையில் தனியாக ஏதும் கொடுங்கள்.

மழைக்காலத்தில்தான் போக முடிகிறது என்றால் குடையைக் கதிரையில் கொழுவி வையுங்கள். தூறல் விழுந்தால் பாயாசக் கிண்ணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுங்கள். மற்றதைக் கடைக்காரர் கொண்டு வருவார்.

நன்றி, வணக்கம்.