கொறங்காட்டை உழுதபோது

நேயர்களுக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். வெகுகாலம் ஏர் படாத மண். மேய்கிற மாடும் ஆடும் போட்டதுதான் எரு. அதை உழுது சோளம் விதைத்தோம். முதல் இரண்டு வருசம் யூரியாவே போடவில்லை, பயிர் கருகருவென்று வந்தது. மூன்றாம் வருசம் வெளுத்துப் போனது.

ஏன் இப்படி? மண்ணின் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி மக்குக்குள், அதாவது மண்ணோடு மக்கிக் கலந்த தழை, எரு இவற்றுக்குள், பூட்டிக் கிடக்கிறது. மண் பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கரிமம் (மக்கின் அளவைக் காட்டும் கணக்கு) 0.5 சதவீதம் என்றிருந்தால், ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணுக்குள் சுமார் 400 கிலோ தழைச்சத்து இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 20 மூட்டை யூரியா நம் காலடியில் கிடக்கிறது! நுண்ணுயிர்கள் அதை வருசத்துக்குக் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிடும். உழுதால் கட்டி உடைந்து காற்று புகும், மக்கு வேகமாகக் கரையும், தழைச்சத்து தண்ணீரில் கரையும் நைட்ரேட்டாக வெளிவரும். அப்போது வேர் இருந்தால் பயிருக்கு ஆகும். வெறும் நிலமாகக் கிடந்தால் அடுத்த கனமழை அதைக் கீழே இறக்கி, கிணற்றுத் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரொட்டவேட்டரை மூன்று முறை ஓட்டி மண்ணை மாவாக்க வேண்டாம் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

சரி, போனதை யூரியாவால் ஈடுகட்டலாமா? நம் பக்கம் சுண்ணாம்பு மண் அதிகம். மேலாக வீசிய யூரியா அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். வீசிய கையோடு கொத்தி மூடித் தண்ணீர் கட்டுங்கள், பிரித்துப் பிரித்துப் போடுங்கள். ஆனால் யூரியா மட்டும் போட்டால் மக்கு திரும்பி வராது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. அங்கே தொழுவுரம் கண்ட பாத்திகளில்தான் கரிமம் நன்றாக நிற்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. உழவைக் குறைத்த முதல் சில வருசம் மண் தழைச்சத்தை மெதுவாகத்தான் விடும். அப்போது உரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். நாங்களும் கொடுத்தோம்.

இப்போது ஆடிக்கு முன்னால் ஒரே உழவு. சோளத்துக்குள் தட்டைப்பயறு. அறுப்பு முடிந்ததும் எருவுக்காகச் செம்மறிப் பட்டி அடைக்கிறோம். மேல்பக்கம் ஒரு ஏக்கரை மறுபடி கொழுக்கட்டைப் புல்லுக்கே விட்டிருக்கிறோம்.