உதிரியாய் வாங்கி வீட்டிலேயே பூட்டும் மலைச் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு ஷாக் வைத்த மலைச் சைக்கிளை, வெளிநாட்டிலிருந்து உதிரி உதிரியாக வரவழைத்து வீட்டிலேயே பூட்டிக்கொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்த ஆசையோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி ஃபிரேம் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறதா?" என்று. இந்த வேலையில் காசுக்கு முன்னால் வருவது அளவு. கோவையில் லேத் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு மில்லிமீட்டரின் அருமை தெரியும். ஆனால் சைக்கிள் என்றதும், "அட, சைக்கிள்தானே, எப்படியும் சேர்ந்துவிடும்" என்று மனசு கொஞ்சம் அசந்துவிடுகிறது.

சாதா சைக்கிளுக்கு ஒரு சாமான் வாங்கிப் பொருந்தாவிட்டால், சாயங்காலமே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். தைவானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் சாமானுக்கு அந்த வசதி இல்லை. பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்கத்தீர்வை போடுவார்கள். அதன் மேல் கூடுதல் கட்டணம்; எல்லாம் சேர்ந்த தொகை மேல் ஜிஎஸ்டி. பொருந்தாத சாமானைத் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு நம்முடையது, கட்டிய தீர்வையைத் திரும்ப வாங்குவதும் லேசான காரியம் இல்லை. அதனால் வண்டியை முதலில் காகிதத்தில் பூட்ட வேண்டும். ஒவ்வொரு சாமானும் அடுத்ததோடு சேரும் இடத்தை எழுதி, இரு பக்கத்து அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும்.

கடையில் கிடைக்காததைத் தாங்களே பூட்டிக்கொண்டவர்களால்தான் இந்த வண்டியே உருவானது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டியில் டமால்பயஸ் என்றொரு மலை. 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மாற்றிக் கட்டி, மலைச்சரிவில் இறக்கினார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அது. அடிவாரம் வந்து சேர்வதற்குள், சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள் இருக்கிற கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். 1976-இல் அந்தச் சரிவில் பந்தயமே நடந்தது. மறு ஆண்டு ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். கேரி ஃபிஷர், டாம் ரிச்சி, சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. இருபதே ஆண்டுகள்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். எல்லாச் சாமானையும் ஒரே நாளில் ஆர்டர் போடாதீர்கள். முதலில் ஃபிரேம். அதோடு அதே ஃபிரேமுக்கான கியர் ஹேங்கர் ஒன்று கூடுதலாக. செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடுகிற பின் டீரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். பாறையில் அடிபட்டால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்துகொள்ளும். ஃபிரேமுக்கு ஃபிரேம் இதன் வடிவம் மாறும், நம் ஊரில் தேடினால் கிடைக்காது. 2019-இல் ஸ்ராம் கம்பெனி பல கம்பெனி ஃபிரேம்களுக்கும் பொதுவாக ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்தது. அது பொருந்தும் ஃபிரேமாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

ஃபிரேம் கைக்கு வந்ததும் பின் அச்சு உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். 142 மி.மீ. ஒரு வகை, 148 மி.மீ. இன்னொரு வகை. பின்னதற்கு பூஸ்ட் என்று பெயர். ஆறு மில்லிமீட்டர்தானே, வாஷர் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். பிரேக் டிஸ்க் உட்காரும் இடமும் செயின் ஓடும் கோடும் சேர்ந்தே நகர்ந்திருப்பதால் வெறும் வாஷரால் வேலை முடியாது. அடுத்தது பல்சக்கரம். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்குக்கு கேசட் என்று பெயர். இன்றைய 12 கியர் கேசட்டுகள் பலவற்றில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குப் பத்தே பல். ஷிமானோ கம்பெனியின் பழைய வகை ஹப்பின் மேல் பத்துப் பல் உட்காராது, அதற்கென்று வேறு உடல் வைத்த ஹப் வேண்டும். ஷிமானோ கேசட்டுக்கு ஒரு வகை, ஸ்ராமுக்கு வேறொரு வகை. ஆகவே ஹப் வாங்கும்போதே எந்த கேசட் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

பின் ஷாக்குக்கு இரண்டு எண்கள். உதாரணமாக 210-க்கு 50 என்று எழுதியிருக்கும். 210 என்பது ஷாக்கை மாட்டும் ஒரு முனைத் துளையின் நடுவிலிருந்து மறு முனைத் துளையின் நடு வரை உள்ள நீளம். 50 என்பது ஷாக் உள்ளே போகக்கூடிய தூரம். இதே 210 நீளத்தில் 55 உள்ளே போகிற ஷாக்கும் விற்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஃபிரேமிலும் சிக்கலில்லாமல் மாட்டிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஷாக் 50 மி.மீ. உள்ளே போகும்போது பின்சக்கரம் 140 மி.மீ. மேலே ஏறுகிறது என்றால், ஒன்றுக்கு 2.8 மடங்கு. ஷாக்கில் கூடுகிற 5 மி.மீ., சக்கரத்தில் 14 மி.மீ. ஆகிவிடும். அந்த 14 மி.மீ. இடம் ஃபிரேமில் இல்லையென்றால், பெரிய பள்ளத்தில் குதித்து இறங்கும் நேரத்தில் டயர் போய் சீட் கம்பத்துக் குழாயில் மோதும்.

பெடல் தண்டு சுழலும் இடத்தை நம் மெக்கானிக்குகள் பிபி என்பார்கள். பேரிங் உட்காரும் கப்பை மரையில்லாமல் அழுத்திச் செருகும் ஃபிரேமும் உண்டு, மரை போட்டுத் திருகும் ஃபிரேமும் உண்டு. என்னைக் கேட்டால் மரை போட்டதைத்தான் எடுக்கச் சொல்வேன். சேறும் தண்ணீரும் புகுந்தாலும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டலாம். இந்த மரைக்கு உலகம் முழுக்கப் பெயர் பிஎஸ்ஏ. நம் வீடுகளில் ஓடிய பிஎஸ்ஏ சைக்கிளுக்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலது பக்கக் கப்புக்கு இடது மரை. பெடல் மிதிக்கும்போது பேரிங் உருண்டு உருண்டு கப்பை எதிர்த்திசைக்கு நகர்த்தப் பார்க்கும். அந்த நகர்வு கப்பை இறுக்க வேண்டுமே தவிர, கழற்றிவிடக் கூடாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. இது தெரியாமல் வழக்கமான பக்கம் முறுக்கி மரையைச் சிதைத்துவிட்டால் ஃபிரேமே வீணாகிவிடும். கையால் மூன்று சுற்று தடங்கலில்லாமல் ஏறிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பார்சல் விஷயத்தில் இரண்டு வார்த்தை. பில்லில் உண்மையான விலை இருக்கட்டும். கூரியர்காரர்கள் கேட்கும் அடையாளச் சான்றை முன்பே அனுப்பிவிடுங்கள். பெட்டி தேங்கி நிற்காது.

ஹேண்டில் தண்டு சுழலும் இடத்தில் கப் இறக்க, கம்பெனி கருவி விலை அதிகம். ஒரு அடி நீள மரைக்கம்பி, இரண்டு நட்டு, நாலு கனமான வாஷர் வாங்கிக்கொண்டு, கோவை கணபதி பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கப்பின் உள்விட்டத்துக்கு இரண்டு புஷ் கடைந்து வாங்கினால் அந்த வேலை முடியும். சுத்தியலால் தட்டி இறக்குவது மட்டும் வேண்டாம். கோணலாக ஏறிய கப், குழாயின் வாயையே விரித்துவிடும். சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரு கருவி, போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச். ஹேண்டிலைப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகளுக்கு ஐந்து நியூட்டன் மீட்டர் அளவில் போதும், கேசட்டின் மேல் வளையத்துக்கு நாற்பது வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கை தானாகச் சொல்லாது.

இரண்டு ஷாக் வைத்த வண்டியைப் பூட்டுவதில் மற்ற சைக்கிளுக்கு இல்லாத ஒரு வேலை உண்டு. இங்கே ஃபிரேமே அசைகிறது. அதனால் நிற்கும் நிலையில் எடுத்த அளவு எதையும் நம்பக்கூடாது. செயினை வெட்டுவதற்கு முன், பிரேக் எண்ணெய் போகும் ஹோஸை வெட்டுவதற்கு முன், பின் ஷாக்கின் காற்றை இறக்கி, சக்கரத்தை அதன் உச்சி வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். காற்றை ஒரேயடியாகப் பீய்ச்சி விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் விடுங்கள், சீட்டை நாலு தடவை அழுத்தி எடுங்கள், மறுபடி கொஞ்சம் விடுங்கள். ஷாக்குக்குள் எதிரெதிராக இரண்டு காற்றறைகள். ஒன்று காலியாகி இன்னொன்றில் காற்று தங்கிவிட்டால், ஷாக் உள்ளே போன நிலையிலேயே நின்றுவிடும்.

இப்போது டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். பிறகு செயின். பெரும்பாலான ஃபிரேம்களில் பின்சக்கரம் மேலே ஏற ஏற, பிபிக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடும். நிற்கும் நிலையில் அளந்து வெட்டிய செயின், பெரிய பல்சக்கரத்தில் ஓடும்போது ஒரு பள்ளம் வந்தால் விறைத்துப்போய் டீரெய்லரைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே தூரம் மிகவும் கூடிய நிலையில், டீரெய்லர் வழியே கோர்க்காமல், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தையும் முன்பல்சக்கரத்தையும் நேரே சுற்றிப் பிடித்து, தயாரிப்பாளர் சொல்லும் கண்ணிகளை அதனோடு கூட்டி, அங்கே வெட்ட வேண்டும். ஃபிரேம் மடங்கும் மூட்டுக்குப் பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸும் கியர் ஒயரும் இதே நிலையில் இழுபடாமல் இருக்க வேண்டும். அப்படியே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

பிரேக்கில் நம் நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய நமக்கு முன் பிரேக் வலது கையில். ஜெர்மனி மாதிரியான நாடுகளில் விற்கும் சைக்கிள் பிரேக் செட்டில் முன் பிரேக் இடது கைக்கு வரும். எண்ணெய் நிரப்பி மூடியே அனுப்புவார்கள் என்பதால், இங்கே வந்த பிறகு ஹோஸைக் கழற்றி மாற்றி, காற்றுக் குமிழ் எடுக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கை பழக்கப்படிதான் போகும், பாறைச் சரிவில் அது தவறான சக்கரத்தைப் பிடித்தால் ஆள் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார். ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று எண்ணெய். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் எண்ணெய், நம் டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைப்பதே. ஒன்றுக்கு இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக் பிடிக்காமல் போகும். டாட் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது என்பதால், மழை அதிகம் பெய்யும் ஊர்களில் இருப்பவர்கள் அதைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும்.

பூட்டி முடித்ததும் ஷாக்குக்குக் காற்று. டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது. அதிக அழுத்தத்துக்கென்று சின்ன பம்ப் தனியாக விற்கிறது. ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, சுவரில் கை ஊன்றி நில்லுங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை ஷாக்கின் உடலை ஒட்டும்வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் மெல்ல இறங்குங்கள். 50 மி.மீ. ஷாக்கில் வளையம் 15 மி.மீ. நகர்ந்திருந்தால் முப்பது சதவீதம், பெரும்பாலோருக்கு அது சரி. குறைவாக நகர்ந்தால் காற்றை இறக்குங்கள், கூடுதலாக நகர்ந்தால் ஏற்றுங்கள். சிவப்புத் திருகு, அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகத்துக்கானது. அதை நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு சொடுக்கு மட்டும் மாற்றுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வீட்டில் பூட்ட வேண்டும்? இந்த வண்டிகளுக்கு நம் ஊர்களில் சர்வீஸ் செய்யத் தெரிந்த கடைகள் மிகக் குறைவு. கையால் பூட்டியவருக்கு எங்கே சத்தம் வருகிறது என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். பின் ஃபிரேமின் மூட்டுகளில் இருக்கும் பேரிங் ஏதோ அபூர்வ சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். கழற்றித் துடைத்துப் பார்த்தால் அதன் ஓரத்தில் 6902 என்றோ 6900 என்றோ எண் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. மோட்டார் பம்ப் பழுது பார்க்கும் ஊரில் இதற்குத் தட்டுப்பாடே கிடையாது. கூண்டில்லாமல் உள்ளே குண்டு நிறையப் போட்ட வகை கிடைத்தால் அதையே எடுங்கள். மூட்டு முழுச் சுற்று சுற்றுவதில்லை, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம்தான் அசைகிறது. அதனால் சுமை எப்போதும் சில குண்டுகள் மேலேயே விழுகிறது. குண்டு கூடினால் அந்தச் சுமை பகிர்ந்துபோகும்.

முதல் சில சவாரிகளுக்குப் பிறகு மூட்டு போல்ட்டுகளை ஒரு முறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள், புதுசில் அவை சற்று இளகும். முன் ஷாக்கின் கீழ்க்கால்களில் இருக்கும் எண்ணெயை ராக்‌ஷாக்ஸ் கம்பெனி 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது. சேற்றில் ஓட்டுகிறவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம். நீலகிரிப் பக்கம் ஓட்டப் போனால் தேயிலைத் தோட்டப் பாதைக்கு எஸ்டேட் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். காட்டெருமையும் யானையும் நடக்கிற இடம், சத்தமே இல்லாமல் வேகமாக வரும் வண்டி அவற்றுக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

நன்றி. வணக்கம்.