பயந்தவரைத் திட்டாதீர்கள்
(கோத்தகிரியில் ஓய்வூதியர்கள் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களுக்கு வணக்கம். இந்தக் குளிரிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஹட்டியில், நம் மலைக் கிராமத்தில், நீங்கள் இருவர், சில வீடுகளில் ஒருவர். அருவங்காடு பேக்டரியிலும் தபால் ஆபீசிலும் உழைத்துச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. மோசடிக்காரன் தேடுவது இப்படிப்பட்ட வீட்டைத்தான்.

பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் சான்று தரும் மாதம் நவம்பர். அது பிறந்தால் போன் வரும். "லைப் சர்ட்டிபிகேட் பதிவாகவில்லை, பென்ஷன் நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள்" என்பான். எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்காது. கேட்டுக்கொண்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கி அந்த வேலையை முடித்துத் தருவார். யுபிஐயில் பணம் வாங்க ரகசிய 'பின்' நம்பர் போட வேண்டியதும் இல்லை.

இதைவிடக் கொடியது 'டிஜிட்டல் அரெஸ்ட்'. வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி. "உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறது. கதவைச் சாத்துங்கள், வீடியோவை அணைக்காதீர்கள். மகனிடம் சொன்னால் அவனையும் பிடிப்போம்." நம் சட்டத்தில் இப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். ஆனால் நடுங்குகிறவருக்குச் சட்டமா ஞாபகம் வரும்? எனவே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வீட்டில் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடங்கள்.

பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, இனி உங்களுக்கு. பணம் போன பிறகும் அப்பா ஏன் நாலு நாள் வாய் திறப்பதில்லை? "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று நீங்கள் கத்துவீர்கள் என்ற பயம். அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறி, எடுத்தும் முடிந்திருக்கும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தால் வழியில் நிற்கும் தொகையையாவது முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரை போனது நம் நஷ்டம், அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. திட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அப்போதும் வேண்டாம்.

சரி, எல்லோரும் செல்போனை எடுங்கள், 1930-ஐ இப்போதே பதிந்துவிடுவோம். கண்ணாடி கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். 'பின்' நம்பரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!