கூடத்தைக் கோணலாக்கியவர் யார்?

நடுவர் அவர்களே, இரு அணியினரே, அவையோரே, வணக்கம்.

கடுமையான சமாதான உடன்படிக்கை போரின் இழப்பை ஈடுசெய்கிறதா, பெருக்குகிறதா என்ற கேள்விக்கு, பெருக்குகிறது என்று வாதாட வந்திருக்கிறேன். சொல்ல நினைத்து வந்தவை பல. ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி போர் இழப்பீட்டுத் தவணை தவறியதைச் சொல்லி, "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றார், அவையும் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. கூடம் கோணலாகத்தான் இருந்தது, நடுவர் அவர்களே. அதைக் கோணலாக்கியவர் யார்?

1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மனி கையெழுத்திட்டபோது, கட்ட வேண்டிய மொத்தத் தொகை அந்த உடன்படிக்கையில் இல்லை. தொகை எழுதாத புரோநோட்டில் ஒரு நாட்டிடம் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1921 மே மாதத்தில்தான் தொகை வந்தது: 13,200 கோடி தங்க மார்க். ஆண்டுதோறும் 200 கோடி மார்க்கும், அதற்கு மேல் ஏற்றுமதி மதிப்பில் 26 சதவீதமும் கட்ட வேண்டும். சரி, கட்டட்டும். எதை வைத்துக் கட்டுவது? 1,600 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அத்தனையும் பறிபோயின. போர்நிறுத்தத்தின்போதே 5,000 ரயில் எஞ்சின்களையும் 1,50,000 ரயில் பெட்டிகளையும் கேட்டுவிட்டார்கள். லொரேனின் இரும்புத்தாதும் சார் பகுதியின் கரிச்சுரங்கங்களும் பிரான்சுக்குப் போயின. ஏரையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனவர்கள், வரப்பில் நின்று விளைச்சலைக் கேட்டார்கள். பொருளை விற்றால்தானே அந்நியச் செலாவணி கிடைக்கும்? ஆனால் போரில் வென்ற பிரான்ஸ், பிரிட்டன் முதலிய நேச நாடுகளுக்குக் கடன் கொடுத்திருந்த அமெரிக்கா 1922-இல் இறக்குமதி வரியை உயர்த்தியது. பணம் வேண்டும், அந்தப் பணத்தைத் தரக்கூடிய சரக்கு மட்டும் வேண்டாம் என்றால், கடன்காரன் எந்த வாசல் வழியாக வந்து கடனை அடைப்பான்?

தவணை தவறியதையே நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்தத் தவணை என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1922-இல் பிரான்சுக்குத் தர வேண்டிய சரக்குகளில் மரமும் இருந்தது. அறுத்த பலகைகள், தந்திக் கம்பங்கள். அந்தக் கம்பங்கள் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. டிசம்பரில் நேச நாடுகளின் இழப்பீட்டு ஆணையம் கூடி, ஜெர்மனி தவறிவிட்டது என்று முடிவெடுத்தது. பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி ஒரு பக்கம். பிரிட்டன் மட்டும் மறுபக்கம். ட்ராய் நகரத்து மரக்குதிரைக்குப் பிறகு மரத்தை வைத்து இப்படி ஒரு காரியம் நடந்ததில்லை என்று பிரிட்டனின் பிரதிநிதி அங்கேயே மனம் நொந்து சொன்னார். மறுமாதம் கரியிலும் குறை கண்டார்கள். 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தன. ஜெர்மனியின் கரியிலும் எஃகிலும் பெரும்பகுதியைத் தந்த மண் அது. நடுவர் அவர்களே, மீண்டும் சொல்கிறேன்: தந்திக் கம்பம் குறைந்ததில் தொடங்கிய கணக்கு, துப்பாக்கியோடு ஒரு நாட்டின் உலைக்களத்துக்குள் போய் நின்றது.

பிறகு நடந்தது என்ன? தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மார்ச் 31 அன்று எஸ்ஸன் நகரில், குருப் எஃகு ஆலைக்கு வண்டிகளைக் கைப்பற்றப் போன பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டதில் 13 தொழிலாளர்கள் மாண்டார்கள். கரியாவது கிடைத்ததா? முதல் சில மாதங்களில், படை போவதற்கு முன் வந்துகொண்டிருந்த கரியைவிடக் குறைவாகவே வந்தது. பிரான்சின் சொந்த நாணயமும் தப்பவில்லை. ஃபிராங்கைத் தாங்கிப்பிடிக்க 1924 மார்ச்சில் வரியை உயர்த்தி, அமெரிக்க வங்கியிடம் கடன் வாங்க வேண்டி வந்தது. தோற்றவனிடம் வசூலிக்கப் போன இடத்தில் வென்றவன் கடனாளியாகத் திரும்பினான். இதற்குப் பெயர் ஈடா?

வேலைநிறுத்தக்காரர்களின் கூலிக்காக நோட்டை அச்சடித்தது பெர்லின் அரசுதான். அதை நான் மறைக்கவில்லை. போர்ச் செலவையே கடனில் ஓட்டியதும் அந்த நாடுதான். ஆனால் எரிகிற வீட்டின் உத்தரத்தைப் பிடுங்கியவர்களுக்கும் அந்தச் சரிவில் பங்கு உண்டு. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அச்சடிக்கும் வேகத்தில் பல நோட்டுகளுக்குப் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது. 4,000 மார்க் சேர்த்து வைத்த ஒரு விதவையின் பாஸ்புக்கை நினைத்துப் பாருங்கள். பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை ஏறத்தாழ 20,000 கோடி மார்க்காக இருந்த அந்த வாரத்தில், ஒரே ஒரு ரொட்டி வாங்க அப்படிப்பட்ட பாஸ்புக்குகள் ஐந்து கோடி வேண்டும். அந்த அம்மாள் எந்தப் போரை அறிவித்தார்?

1871-இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ் 500 கோடி ஃபிராங்கைக் கெடுவுக்கு முன்பே, 1873 செப்டம்பரில் கட்டி முடித்ததே என்றும் நண்பர் கேட்டார். கட்டியது உண்மை. அதன் தொகை முன்பே தெரிந்த தொகை. வணிகக் கப்பல்கள் அதன் கையில் இருந்தன. கடன் பத்திரம் வெளியிட்டபோது, கேட்டதைவிடப் பல மடங்கு பணம் வந்து குவிந்தது. அப்படி வாங்கிய ஜெர்மனி வாழ்ந்ததா என்றும் பாருங்கள்: வந்து கொட்டிய பணம் சூதாட்ட முதலீட்டை ஊதிவிட்டது, 1873-இலேயே பெர்லின் பங்குச்சந்தை நொறுங்கியது.

பிரான்சின் வடக்கு மாவட்டங்களில் சுரங்கங்கள் வெள்ளக்காடாகக் கிடந்தன. ஊர்கள் செங்கல் குவியலாகிக் கிடந்தன. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணீர் துடைக்கப்படவில்லை என்பதுதான் என் வேதனை. அதே கண்ணீரை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. 1918 நவம்பர் 11 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் ஜெர்மனி மீது நேச நாடுகள் போட்ட கடல் முற்றுகை ஓயவில்லை. 1919 ஜூலை வரை, எட்டு மாதம் நீடித்தது. கையெழுத்து வாங்கும் வரை பசியைப் பிணையாக வைத்திருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று நம்பிய தாய், பால் இல்லாத கிண்ணத்தோடு நின்ற மாதங்கள் அவை. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னர் சோறு போட்டவர்கள், நேற்று வரை எதிரி நாடாக இருந்த அமெரிக்காவின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ அமைதிக் குழுவினர். லட்சக்கணக்கான பிள்ளைகள் அவர்கள் நீட்டிய கிண்ணத்தில் கஞ்சி குடித்தார்கள்.

இழப்பீட்டைக் கட்டுவதற்காக ஜெர்மனி 1924-இலும் 1930-இலும் பத்திரம் போட்டு வாங்கிய கடனின் கடைசித் தவணை, 2010 அக்டோபர் 3 அன்று கட்டப்பட்டது. முற்றுகைக் காலத்தில் பிறந்து, பிழைத்துக் கிடந்த குழந்தைக்கு அன்று 91 வயது. நடுவர் அவர்களே, அந்தக் குழந்தையை உங்கள் முன் நிறுத்திவிட்டு அமர்கிறேன். ஆடத் தெரியவில்லை என்று அதைப் பார்த்து உங்களால் சொல்ல முடிந்தால், தீர்ப்பை எதிரணிக்கே தாருங்கள். நன்றி.