பொம்மைப் படத்தில் தற்செயல் கிடையாது

அனைவருக்கும் வணக்கம். தரமணி திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே பேசுகிறேன். இன்னும் சற்று நேரத்தில் 'கோரலைன்' படத்தைத் திரையிடப் போகிறோம். நீல் கெய்மன் எழுதிய கதையை ஹென்றி செலிக் இயக்கினார், 2009-இல் வெளிவந்தது. பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி இன்னொரு படம் எடுத்து, இப்படியே உருவாக்கிய பேய்ப் படம். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 ஃபிரேம் வேண்டும்.

மயிலாப்பூர் மாடவீதியில் கேமராவை வைத்தால் நாம் கூப்பிடாமலே காகம் பறக்கும், ஆட்டோ குறுக்கே வரும், சுவரில் கிழிந்த போஸ்டர் தெரியும். பொம்மைப் படத்தில் காகம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து காகம் செய்தாக வேண்டும். திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் யோசித்து, கையால் செய்து, அங்கே வைத்திருக்கிறார். அதனால் இந்தப் படங்களில் ஒளிந்திருப்பதைத் தேடும்போது, செய்தவரையே தேடிப் போகிறோம்.

படத்தின் நாயகியான சிறுமி கோரலைன் போட்டிருக்கும் நட்சத்திர ஸ்வெட்டரைப் பாருங்கள். அல்தியா குரோம் என்ற கலைஞர், தலைமுடி அளவுக்கு மெல்லிய ஊசிகளை வைத்துப் பின்னியது. மரத்தில் பூத்திருக்கும் இளஞ்சிவப்புப் பூக்கள் சாயம் பூசிய பாப்கார்ன்.

சரி, இவை கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாமலே நம்மை ஆட்டிவைக்கும் வேலை ஒன்றும் இருக்கிறது. படத்தில் இரண்டு சமையலறைகள் வரும். ஒன்று நிஜ அம்மாவுடையது. இன்னொன்று சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குப் பதிலாகப் பொத்தான் தைத்திருக்கும் வேறொரு அம்மாவுடையது. பார்த்தால் ஒரே அறை போலத்தான் இருக்கும். ஆனால் நிஜ வீட்டு செட்டை ஆழம் குறைத்து, தரையைச் சாய்த்து, நெருக்கிக் கட்டினார்கள். அந்தப் பக்கத்து செட்டை நன்றாக உள்ளே தள்ளி, ஆழமாகக் கட்டினார்கள். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் நிஜ வீட்டில் மூச்சு முட்டும், கதவைத் தாண்டியதும் நெஞ்சு விரியும். இன்று நம்மிடம் இருப்பது சாதாரணத் திரைதான், ஆனாலும் கவனித்தால் தெரியும். இந்தப் பெண் ஏன் பொய்யான வீட்டை நம்பிப் போகிறாள் என்று யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் உடம்பே அவளோடு போய்விடுகிறது. நம் ஊர்ப் பேய் புளியமரத்தடியில் வெள்ளைப் புடவையோடு நின்று பயமுறுத்தும். இந்தப் பேய் கோழி வறுத்து வைத்து, வா சாப்பிடு என்கிறது. எனக்கு இதுதான் அதிகப் பயம்.

அதே சமையலறையில் முட்டை உடையும் கணத்தில் மஞ்சள்கருவில் ஒரு மண்டையோட்டு முகம் வந்து மறையும். அது ஜாக் ஸ்கெலிங்டன். செலிக் 1993-இல் இயக்கிய 'த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் நாயகன். முகபாவம் மாற மாற மாட்டுவதற்கென்று ஜாக்குக்கு மட்டும் ஏறக்குறைய 400 தலைகள் செய்தார்கள். கோரலைன் காலத்தில் முகங்களை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமான குறிப்பு வேறொரு படத்தில் இருக்கிறது. மைக் ஜான்சனும் டிம் பர்ட்டனும் 2005-இல் தந்த 'கார்ப்ஸ் பிரைட்'. அதுவும் பொம்மைப் படம்தான். அதில் நாயகன் விக்டர் ஒரு பியானோ வாசிப்பான். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹாரிஹவுசன்' என்று எழுதியிருக்கும். ரே ஹாரிஹவுசன் 1933-இல் வந்த 'கிங் காங்' பார்த்து இந்தக் கலைக்கு வந்தவர். அந்தக் குரங்குக்கு உயிர் கொடுத்த வில்லிஸ் ஓபிரையனிடமே பிறகு வேலை செய்தார். 1963-இல் 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்' படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகளை வாள் சண்டை போட வைத்தார். திரையில் சில நிமிடங்களே ஓடும் அந்தச் சண்டைக்கு நாலரை மாதம் பிடித்தது. எலும்புக்கூடுகள் பாடி ஆடும் படத்தை எடுத்தவர்கள், அவற்றை நடக்க வைத்த பெரியவருக்கு அந்தப் பியானோவில் ஒரு வணக்கம் வைத்திருக்கிறார்கள்.

'கார்ப்ஸ் பிரைட்' படத்தின் நிறங்களையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர்களின் ஊர் சாம்பல் பூத்துக் கிடக்கும். செத்தவர்களின் உலகத்தில்தான் வண்ணமும் கூத்தும். வடசென்னையில் மரண கானா கேட்டு வளர்ந்த யாருக்கும் இது அந்நியமாகத் தெரியாது.

இப்போது விளக்கை அணைக்கப் போகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஊசியாலான விரல்கள் ஒரு துணிப் பொம்மையைப் பிரித்து, உள்ளே இருப்பதை உருவி, வேறொரு பிள்ளையின் சாயலில் திரும்பத் தைக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்பதைப் படம் வெகுநேரம் கழித்தே காட்டும். அப்புறம், சின்னக் குழந்தைகள் பயப்படக்கூடும். பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.