கப்பல் குசினியில் ஒரு வாளி

வணக்கம் நேயர்களே. முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று கரையோரமாக இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு, வாடைக்காற்று விழுந்தால் கரையில் என்ன வந்து ஒதுங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போத்தல், ஒற்றைச் செருப்பு, ரெஜிபோம் துண்டு, வலைக் கந்தல், எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து அச்சடித்த பேணி. இதில் பெரும்பகுதி ஆற்றோடும் வாய்க்காலோடும் தரையிலிருந்து கடலுக்குப் போனது. ஒரு பங்கு கப்பலிலிருந்து விழுந்தது. அந்தப் பங்கைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கப்பலுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கொழும்புக்கு வருகிற பெரிய கப்பல் பாக்குநீரிணைக்குள்ளால் வர முடியாது, அங்கே ஆழம் காணாது. எங்கள் கிழக்குக் கடலால் இறங்கி, தெற்கைச் சுற்றித்தான் போகவேண்டும். அதைவிட, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். குசினி உதவியாளராக, தட்டுக் கழுவுகிறவராக ஏறுகிற தம்பிமார் இருக்கிறார்கள். கப்பல் குப்பைச் சட்டம் முழுவதும் கடைசியில் அந்தத் தம்பியின் கையில்தான் வந்து நிற்கிறது. கப்டனின் மேசையில் இருக்கிற புத்தகத்தைவிட, குசினியில் இருக்கிற வாளி முக்கியம். இதை இன்னும் இரண்டு மூன்று தரம் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். மார்போல் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. 1973இல் எழுதி, 1978இல் மேலும் சேர்த்தது. அதற்கு ஆறு இணைப்புகள். ஐந்தாவது இணைப்பு குப்பைக்கானது. 1988 டிசெம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழைய விதியில் பிளாஸ்ரிக்கைத் தவிர, கடதாசி, கண்ணாடி, தகரப் பேணி எல்லாவற்றையும் கரையிலிருந்து ஒரு தூரம் தாண்டினால் போடலாம் என்று இருந்தது. 2013 ஜனவரி 1 தொடக்கம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். இப்போது எதையும் போடக்கூடாது என்பதுதான் விதி. போடலாம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிற ஒருசிலது மட்டும் விலக்கு.

இந்த மாற்றம் தெரியாததால் வருகிற பிழை இன்றைக்கும் இருக்கிறது. "பன்னிரண்டு மைல் தாண்டினால் பேணியைப் போடலாம், தம்பி" என்று பழைய ஆட்கள் புதிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் பழகிய காலத்தில் அது சரி. இப்போது அது குற்றம். பேணி, போத்தல், கடதாசிப் பெட்டி, சீலைத்துண்டு, பொரித்த எண்ணெய், குப்பை எரிக்கிற சூளையின் சாம்பல் எல்லாம் துறைமுகத்தில்தான் இறங்கவேண்டும். பிளாஸ்ரிக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. நைலோன் கயிறு, வலை, குப்பை கட்டுகிற பை, பிளாஸ்ரிக் எரித்த சாம்பல்கூட உலகத்தில் எந்தக் கடலிலும் போடக்கூடாது.

அப்படியென்றால் எதைப் போடலாம்? முக்கியமாகச் சாப்பாட்டுக் கழிவு. சில வகைச் சரக்கு எச்சம், கழுவிய தண்ணீரோடு போகிற தீங்கில்லாத சவர்க்காரம், கால்நடை ஏற்றிப்போகிற கப்பலில் செத்த மிருகம் என்று வேறும் சில உண்டு. அவற்றுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டுக் கழிவை அரைத்தால் நெருங்கிய கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் போடலாம். அரைத்தது 25 மில்லிமீற்றர் துளையுள்ள சல்லடையால் விழவேண்டும். அரைக்காவிட்டால் பன்னிரண்டு கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர்; ஆகவே மூன்று மைல் என்பது ஐந்தரைக் கிலோமீற்றர், பன்னிரண்டு என்பது இருபத்திரண்டு கிலோமீற்றர். நெருங்கிய கரை என்னும்போது தீவும் கரைதான். போய்ச் சேருகிற துறைமுகத்திலிருந்து அளந்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற தீவை மறந்துவிடக்கூடாது. இன்னொரு நிபந்தனையை அநேகர் மறப்பார்கள்: கப்பல் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல், கரையிலிருந்து இருபது மைலில் நின்றாலும், ஒரு கோப்பைச் சோற்றைக்கூடக் கொட்டக்கூடாது. ஓடுகிற கப்பலிலிருந்து போனால் பரவிக் கரையும். நிற்கிற இடத்தில் கொட்டினால் அங்கேயே தேங்கும்.

இனி வாளிக்கு வருவோம். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. இருபது பேர் சாப்பிட்ட தட்டுகள் வருகின்றன. சோறு, எலும்பு, கறிவேப்பிலை, தோல். அதோடு என்ன வருகிறது? சோஸ் அடைத்த சின்னப் பைக்கற், யோகட் மூடி, தேயிலைப் பையின் நூல், அப்பிளில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கர், பாண் பை கட்டிய கிளிப், இறைச்சி சுற்றிவந்த மெல்லிய பிளாஸ்ரிக் தாள், இறப்பர் வளையம். அந்தத் தம்பி களைத்துப்போயிருப்பார். தட்டை வாளிக்கு மேலே ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் சேர்ந்து விழும். பிறகு வாளி அப்படியே அரைக்கிற மெசினுக்குள் போகும். சோஸ் பைக்கற்றையும் மெசின் அரைக்கும். துண்டுகள் சல்லடையாலும் விழும். வெளியே போகிறது சாப்பாட்டுக் கழிவு மாதிரியே இருக்கும். மெசின் குற்றத்தைத் தடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்று சொல்லுவோமே, அதேதான். விதியும் அப்படித்தான் சொல்கிறது: கலந்துவிட்டால், கலந்ததில் எதற்குக் கடுமையான விதியோ அதுதான் முழு வாளிக்கும். ஒரு பைக்கற் விழுந்து, அதைப் பொறுக்கி எடுக்காவிட்டால், அந்த வாளி முழுவதும் பிளாஸ்ரிக் கணக்கில் கரைக்கு.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2019இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கார்னிவல் என்ற பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனம் இரண்டு கோடி டொலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே இருந்த நன்னடத்தை நிபந்தனைகளை மீறியது என்பது வழக்கு. அந்த மீறல்களில் ஒன்று, பஹாமாஸ் கடலில் சாப்பாட்டுக் கழிவோடு பிளாஸ்ரிக்கையும் கலந்து கொட்டியது.

ஆகவே தம்பி, செய்யவேண்டியது இதுதான். தட்டை நேரே வாளிக்குள் தட்டாதீர்கள். முதலில் ஓர் அகன்ற தட்டத்தில் கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கையால் பரப்பிப் பாருங்கள். பிளாஸ்ரிக்குக்குத் தனி வாளி பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும். நாலு அடி தள்ளி வைத்தால் களைத்த கை அங்கே போகாது. பார்த்து முடிந்தபிறகுதான் மெசின். கரண்டி விழுந்தால் கத்தி உடையும். பெரிய எலும்பும் நாருள்ள தோலும் சிக்கும். மெசின் நின்றுபோனால் அநேகர் செய்கிற வேலை, அரைக்காமல் அப்படியே கொட்டுவது. அப்போது மூன்று மைல் கணக்குச் செல்லாது, பன்னிரண்டு மைல். கொட்டுவதற்கு முன்னம், கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறைக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். எங்கே நிற்கிறோம் என்று குசினியின் சின்னக் கண்ணாடியால் பார்த்துத் தெரியாது.

கேட்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்தியதரைக் கடல், பால்டிக், கருங்கடல், செங்கடல், பாரசீக வளைகுடாப் பகுதி, வட கடல், கரீபியன், அந்தாட்டிக்கா என்று எட்டு விசேட பகுதிகள் இருக்கின்றன. இவற்றில் விசேட விதி அமுலுக்கு வந்த இடங்களில் அரைத்த சாப்பாட்டுக் கழிவையும் பன்னிரண்டு மைலுக்கு அப்பால்தான் போடலாம். அரைக்காதது அறவே கூடாது. செங்கடலில் இந்தக் கடுமை 2025 ஜனவரி 1 தொடக்கம்தான் அமுலுக்கு வந்தது. கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற வழி அது. பழைய பழக்கத்தில் கொட்டிவிடக்கூடாது.

சரி, போட முடியாத சாப்பாட்டுக் கழிவைக் கப்பலில் வைத்திருந்தால் நாறும், எலி வரும். மூடியுள்ள தொட்டியில், முடிந்தால் குளிரறையில் வைப்பார்கள். பிறகு துறைமுகத்தில் இறங்கும். இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஜோர்ஜியா என்று கருங்கடல் ஓரத்தில் ஒரு நாடு. அங்கே போட்டி என்று ஒரு துறைமுகம். 2007இல் அந்தப் பக்கத்துப் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. பார்த்தால் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். வைரஸின் இனத்தை ஆராய்ந்தபோது அது ஆபிரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கிற வகையோடு பொருந்தியது. கப்பலிலிருந்து இறங்கிய இறைச்சிக் கழிவைப் பன்றிகள் தின்றதால் வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. இந்த வைரஸ் உறையவைத்த இறைச்சியிலும் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கு மருந்தில்லை. அங்கிருந்து ரஷ்யா, 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், 2018இல் சீனா. 2024இல் இலங்கையிலும் பன்றிகள் செத்தன. கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்தால் மட்டும் காணாது, கரையில் யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் பார்க்கவேண்டும். வெளிநாட்டுக் கப்பலின் சாப்பாட்டுக் கழிவை யாராவது "பன்றிக்குப் போடத் தாருங்கள்" என்று கேட்டால், ஒருபோதும் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பன்றி வளர்க்கிறவர்களும் அதை வாங்காதீர்கள்.

இனிப் புத்தகம். 100 தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான கப்பலிலும், 15 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்ற அனுமதியுள்ள கப்பலிலும், குப்பை முகாமைத் திட்டம் எழுத்தில் இருக்கவேண்டும். குப்பைப் பதிவேடு முந்தி 400 தொன் கப்பலுக்கு. 2024 மே தொடக்கம் 100 தொன்னுக்கே வந்துவிட்டது. குப்பையைப் போடுகிற, இறக்குகிற ஒவ்வொரு தரமும் எழுதவேண்டியது: திகதி, நேரம், கப்பல் இருந்த இடம், வகை, கன மீற்றரில் மதிப்பீட்டு அளவு, பொறுப்பான அதிகாரியின் கையொப்பம். பக்கம் முடிந்தால் கப்டனின் கையொப்பம். கடைசிப் பதிவிலிருந்து இரண்டு வருசம் வைத்திருக்கவேண்டும். பிழை எங்கே பிடிபடும் என்றால், கிலோவில் எழுதுவது, கையொப்பம் விடுவது. அதைவிட, கணக்கு உதைப்பது. இருபது பேர், ஆளுக்கு நாளுக்கு நாலு தண்ணீர்ப் போத்தல், முப்பது நாள் என்றால் 2,400 போத்தல். பதிவேட்டில் பிளாஸ்ரிக் பூச்சியம் என்று இருந்தால், பரிசோதிக்க ஏறுகிற அதிகாரி அடுத்த கேள்வியை அந்த இடத்திலேயே கேட்பார்.

2021இல் கொழும்புக்கு முன்னால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அது சரக்கு, விபத்து. இந்தக் குப்பை விதிக்குள் வராது. அதற்கு வேறொரு நாள் வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மீன்பிடிப் படகைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்குகிறேன். பதிவேடும் திட்டமும் எங்கள் ஃபைபர் படகுக்குத் தேவையில்லை. 12 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான பலநாள் படகு என்றால் குப்பை விதி எழுதிய அறிவித்தல் பலகை மாட்டவேண்டும். ஆனால் பிளாஸ்ரிக் தடை படகின் நீளம் பார்க்காது, எல்லாருக்கும்தான். சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற், ஒயில் போத்தல், அறுந்த தங்கூசித் துண்டு மூன்றையும் போட, மூடி இறுக்கமான ஒரு பழைய கான் படகிலேயே கட்டி வையுங்கள். காற்றடித்தால் சொப்பிங் பை நிற்காது. வலை அறுந்து போய்விட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் சொல்லுங்கள். தானாக அறுந்தது குற்றமாகாது, வெட்டி எறிவதுதான் குற்றம். கப்பலிலிருந்து யாராவது கொட்டுவதைக் கடலில் கண்டால், நேரமும் இடமும் கப்பலின் பெயரும் குறித்துக் கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பெயர் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், அதற்குக் கீழே பதிவுத் துறைமுகம். இரண்டையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.